வெந்நீர்த் தொட்டியின் வாய்

தொண்ணூற்றொன்றில், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலையில், ஷிப்ட் முடிந்ததும் பெண்கள் குளிக்க வெந்நீர்த் தொட்டியில் இறங்குவோம். தொட்டியின் அடியிலுள்ள துளைவழியே மோட்டார் தண்ணீரை உறிஞ்சி, சூடாக்கித் திருப்பி அனுப்பும். சீயக்காய்ச் சக்கை அடைக்கிறதென்று துளையின் சல்லடையை நாங்களே கழற்றியிருந்தோம்.

ஒருநாள் முங்கியபோது, அவிழ்ந்த என் கூந்தலைத் துளை கவ்விக்கொண்டது. தோழிகள் இழுக்க இழுக்க, தண்ணீர் என்னை இன்னும் இறுக்கிப் பிடித்தது.

"இழுக்காதீங்கடி, மோட்டார நிறுத்தணும்" என்று அவர்களில் ஒருத்தியான மேரி ஈரப்பாவாடையோடு ஓடினாளாம். சுவிட்ச் மறுகோடிக் கட்டடத்தில். உறுமல் அடங்கியதும் தலை விடுபட்டது.

மறுவாரம் துளை இரண்டாயிற்று, மேலே திருகாணியால் இறுக்கிய சல்லடைகள், தொட்டியருகே சுவிட்ச்.

"இன்னாடி, பயந்துகினு கீற? ஒண்ணு அடைச்சா இன்னொண்ணு தண்ணிய இழுத்துக்கும். உன் முடி அதுக்கு வேணாம்" என்றாள் மேரி.

கொண்டை முடிந்து இறங்கினேன். இன்றும் எந்தத் தொட்டியானாலும் சுவிட்ச் எங்கே என்று கேட்கிறேன். தெரிந்துவிட்டால் மனசார முங்க முடிகிறது.