சீனியம்மாளுக்கு எழுதிய வரி

செத்தவர்களைப் பற்றி எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒரு வசதி உண்டு: எழுதியது சரியில்லை என்று சம்பந்தப்பட்டவர் எழுந்து வந்து சண்டை போடமாட்டார். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களுக்கு வாசகம் எழுதுவது என் வேலை. கடையில் எல்லோரும் என்னை ரைட்டர் என்பார்கள். பாதி பழக்கம், பாதி கேலி.

என் மனைவி சீனியம்மாளை உயிரோடு கடைசியாகப் பார்த்தது நாரணாபுரம் விலக்கில், ரோடு பிரிகிற இடத்தில். பட்டாசுக் கம்பெனி வேன் அங்கேதான் வந்து ஆள் ஏற்றும். தினமும் என் மொபெட்டில் கொண்டுபோய் இறக்கிவிடுவேன். அன்றைக்குத் தூக்குவாளியைக் காலடியில் வைத்துவிட்டு எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் ஒட்டிய போஸ்டர். வாசகம் என்னுடையது: ‘அன்பின் சிகரம் சரிந்தது.’

“இந்த ஆளா அன்பின் சிகரம்? இவரு செஞ்ச கூத்தை எங்க செட்டுல கேட்டாக் கதகதயாச் சொல்லுவாக. ஒரு நாளு என்னாச்சுன்னா...” என்று ஆரம்பித்தாள். அதற்குள் வேன் வந்து ஹாரன் அடித்தது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். “மீதியச் சாயங்காலம் வந்து சொல்லுறேன். ஆனா ஒண்ணு, எனக்கு இப்பிடி எழுதுனீகன்னா எந்திரிச்சு வந்து கிழிச்சிருவேன்.”

இதைப் படிக்கிறவர்களில் எழுத ஆசைப்பட்டவர்கள் சிலராவது இருப்பீர்கள். எழுதி முடித்துப் பார்த்தால் யாரோ எழுதியது போல இருக்கும் அந்த வேதனை உங்களுக்குத் தெரியும். அவள் கிழிக்காத மாதிரி ஒரு வரி என்னிடம் இருக்கிறதா என்பதுதான் என் பாடாக இருந்தது. வேலைக்கு வந்த நாளிலிருந்து சொன்னால்தான் அது புரியும்.

ராசியான நம்பர்

என் படிப்பு எட்டாவதோடு நின்றது. காலண்டர்களுக்கு ப்ரூப் பார்த்துப் பார்த்துத்தான் தமிழ் கற்றேன். போஸ்டர் வேலைக்கு வந்ததும் பழைய போஸ்டர்களிலிருந்து நல்ல வரிகளாகப் பொறுக்கி, நம்பர் போட்டு, அட்டையில் ஒட்டிக் கடைச் சுவரில் தொங்கவிட்டேன். அப்பா என்றால் ஆலமரம் சாய்ந்தது. அம்மா என்றால் அணையா விளக்கு அணைந்தது. சின்ன வயது என்றால் மொட்டு உதிர்ந்தது.

சாவு வீட்டுக்காரர்கள் நிற்க நேரமில்லாமல் வருவார்கள். பாடி வீட்டுக்கு வருவதற்குள் போஸ்டர் சுவரில் இருக்க வேண்டும். அதுதான் எங்கள் பக்கத்து மரியாதை. வந்தவர் அட்டையைப் பார்த்து விரலை நீட்டுவார், நான் பேரை எழுதிக் கொடுப்பேன், கம்ப்யூட்டரில் செல்வி அடிப்பாள், மிஷின் ஓடும். ஊரில் எத்தனை ஆலமரம் சாய்ந்தது என்று யாரும் கேட்டதில்லை. ஒருவர் மனம் நிறைந்து பாராட்டக்கூடச் செய்தார்: “அஞ்சாம் நம்பரையே போடுங்க ரைட்டரே. எங்க சித்தப்பாவுக்கும் அதான் போட்டோம், கூட்டம் அள்ளிருச்சு. ராசியான நம்பரு.”

தேதி போடாத போஸ்டர்

தீபாவளி சீசனில் எங்கள் மிஷின்கள் வெடிப் பெட்டி லேபிளுக்கே போதாது. அப்படி ஒரு சீசனில் ஆலங்குளத்திலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்தார்கள். அப்பா மதுரையில் ஐ.சி.யு.வில் இருக்கிறார், டாக்டர் கையை விரித்துவிட்டார், அந்த நேரத்தில் மிஷின் கிடைக்காவிட்டால் அசிங்கமாகிவிடும் என்றார்கள். தேதிக்கு மட்டும் இடம் விட்டு அச்சடித்து, கட்டுக் கட்டி, மேஜைக்கு அடியில் தள்ளி வைத்தோம். கட்டை வாங்க யாரும் வரவில்லை.

சீசன் முடிந்து கடை காலியாக இருந்த ஒரு காலையில் பெரியவர் ஒருவர் தடியை ஊன்றிக்கொண்டு உள்ளே வந்தார். முகத்தை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. பின்னாலேயே வேர்த்து வழிய மூத்த மகன் ஓடிவந்து எனக்கு ஜாடை காட்டினான். அப்போதுதான் புரிந்தது. “என் போஸ்டர் இங்கன இருக்காம்ல, எடுங்க” என்றார் பெரியவர். முதலாளி அண்ணாச்சி கல்லாவை விட்டு எழுந்து நின்றுவிட்டார். கட்டைப் பிரித்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவர் தாளை வெளிச்சத்துக்குப் பிடித்து, எழுத்துக்கூட்டி, கடைசி வரி வரை வாசித்தார். மகன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தாளை மடித்து என்னிடமே நீட்டிவிட்டுக் கேட்டார்: “வாசகம் நல்லாத்தான் இருக்கு. காலமெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுனேன், அதக் காணோமே. இதுல நான் எங்கன இருக்கேன்?”

பேரன் பேத்திகள்

ஒரு தடவை ஒரு கம்பெனியில் வெடித்து, ஒரே ஊரில் பல வீடுகளில் சாவு. எல்லாப் போஸ்டரும் எங்களிடம் வந்தது. இந்த மாதிரி நேரத்துக்கு ஒரு முறை வைத்திருந்தோம்: வாசகத்தை அப்படியே வைத்துக்கொண்டு பேரையும் போட்டோவையும் மட்டும் மாற்றுவது. வெளியே ஆட்கள் பசை வாளியோடு நின்றார்கள். மிஷின் நிற்காமல் ஓடியது.

மறுவாரம் ஒரு பெண் வந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு கிடந்த தடம் இன்னும் மறையவில்லை. சுவரிலிருந்து உரித்த போஸ்டரை, பசையோடு, மேஜைமேல் விரித்தாள். போட்டோவில் அரும்பு மீசை வைத்த வாலிபன். கீழே ‘கண்ணீருடன், மகன்கள், மகள்கள், பேரன் பேத்திகள்’ என்று அதற்கு முன்னால் அச்சடித்த யாரோ ஒரு பெரியவருடைய வரிகள் மாறாமல் நின்றிருந்தன. செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பெண் சத்தம் போடவில்லை. சுற்றி இருந்த எல்லோரையும் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள்: “எங்க வீட்டுக்காரருக்குப் பேரன் இருக்காம். எங்கிட்டச் சொல்லவே இல்ல.”

வாசல் கூட்டிய முதலாளி

அதன்பிறகு நம்பர் அட்டையைப் பார்க்கவே பயமாக இருந்தது. சீனியம்மாளிடம் சொன்னேன். “ஆளப் பத்தி நாலு வார்த்த கேட்டு எழுத வேண்டியதுதான, அதுக்கென்ன அம்புட்டு யோசன?” என்றாள். அவளுக்கு எல்லாமே இப்படிச் சுலபம்.

சரி என்று ஒரு பெரிய மளிகைக்கடைக்காரருக்கு எழுதிப் பார்த்தேன். கடையில் அத்தனை ஆட்கள் இருந்தும் காலையில் வாசலை அவர்தான் கூட்டுவார். ஊரே பார்த்தது. அதையே எழுதினேன். ப்ரூப்பைப் பார்த்த மகன்கள் கொதித்துப்போனார்கள். “எங்கப்பாவ வாரியலோட நிறுத்துறீகளா? சம்பந்தக்காரக முன்னால தலைகாட்ட முடியுமா?” என்று ஒருவன் என் சட்டையைப் பிடிக்க வந்தான். அண்ணாச்சி நடுவே புகுந்து, ‘இமயம் சரிந்தது’ போட்டு அனுப்பி வைத்தார். அவர்கள் போன பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு என்னிடம் வந்தார். குரலை உயர்த்தவில்லை.

“ரைட்டரே, ஊருக்கு வேண்டியத எழுதத்தான் உங்கள வச்சிருக்கேன். உங்களுக்கு வேண்டியத எழுதணும்னா வீட்ல உக்காந்து எழுதுங்க.”

மத்தியானச் சத்தம்

சீனியம்மாள் பாதிக் கதையோடு வேன் ஏறிய அன்று மத்தியானம் அந்தச் சத்தம் கேட்டது. கடைக் கண்ணாடி அதிர்ந்தது. இந்த ஊரில் சத்தம் கேட்டால் யாரும் என்னவென்று கேட்பதில்லை, வெளியே வந்து புகை எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள். நாரணாபுரம் பக்கம். அவள் போனுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டில் வாங்கி ஒரு பெட்டியில் போட்டுவிடுவார்கள். எடுக்காவிட்டால் ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மறுபடி அடித்தேன். மொபெட்டை எடுத்துக்கொண்டு போனேன். விலக்கிலேயே போலீஸ் மறித்துத் திருப்பிவிட்டது.

திரும்பவும் கடைக்குத்தான் வந்தேன். செய்தி டிவிக்கு முன்னால் எங்களுக்கு வந்துவிடும், ஆர்டராக. கடை நம்பருக்கு வாட்ஸப்பில் முதல் போட்டோ வந்தது. தெரியாத முகம். “என்ன நம்பர்ண்ணே?” என்று செல்வி பழக்கத்தில் கேட்டாள். என் வாயும் பழக்கத்தில் ஒரு நம்பரைச் சொன்னது. அடுத்ததும் தெரியாத முகம். ஒவ்வொன்றும் வேறு யாரோவாக இருக்க இருக்க எனக்கு மூச்சு வந்தது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

இன்னொரு போட்டோ வந்தது. செல்வியின் கை மவுஸ்மேல் அப்படியே நின்றது. ஸ்கிரீனைச் சட்டென்று தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். என்னைப் பார்க்காமல், சுவரில் தொங்கிய அட்டையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “அண்ணே, நீங்க கொஞ்சம் வெளிய போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க.”

ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது

போட்டோவை அனுப்பியது சீனியம்மாளின் தம்பி கருப்பசாமி. ஆஸ்பத்திரியில் அடையாளம் காட்டியது அவன்தான். எனக்குப் போன் போட வாய் வராமல், கடைக்கு அனுப்பினால் அண்ணாச்சி பக்குவமாகச் சொல்லுவார் என்று நினைத்தானாம்.

மறுநாள் போஸ்ட்மார்ட்டம் முடிந்து பாடி கொடுக்கும் நேரத்துக்கு நான் கடையில் இருந்தேன். “நீங்க எதுக்கு வந்தீக, நாங்க ஒரு நம்பரப் போட்டுக்கிடுறோம்” என்றார் அண்ணாச்சி. “நான் எழுதுறேன்” என்றேன். உட்கார்ந்தேன். அணையா விளக்கு வந்தது. கோடு போட்டு அடித்தேன். இல்லத்தின் குலவிளக்கு வந்தது. அடித்தேன். ஆலமரத்திலிருந்து மொட்டு வரைக்கும், நான் பொறுக்கி வைத்த அத்தனையும் வரிசை கட்டி வந்து நின்றன. என்னுடையது என்று ஒன்றும் வரவில்லை. எந்திரிச்சு வந்து கிழிச்சிருவேன் என்று அவள் சொன்னதுதான் காதில் கேட்டது. வாசலில் கருப்பசாமியும் சொந்தக்காரர்களும் பசை வாளியோடு நின்றார்கள். யாருக்கோ போன் வந்தது. ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டதாம். மிஷின்காரர் அச்சுப் பிளேட்டுக்காகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

எழுதுவதை விட்டுவிட்டு, விலக்கில் நடந்ததை மட்டும் நினைத்தேன். அதை அப்படியே எழுதினேன்.

‘சீனியம்மாள். பட்டாசுத் தொழிலாளி. காலையில் வேனில் ஏறினாள். மீதியைச் சாயங்காலம் வந்து சொல்கிறேன் என்றாள்.’

அவ்வளவுதான். கீழே என் பேர். அண்ணாச்சி ப்ரூப்பை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆறாத்துயரம்னு ஒரு வார்த்தையாச்சும் போட்டுக்கிடுவமா ரைட்டரே?” என்றார். வேண்டாம் என்றேன். “என்னய்யா இது, பாதில நிக்கி? ஊர்க்காரன் என்னன்னு நினைப்பான்?” என்று வாசலில் ஒரு பெரியவர் சத்தம் போட்டார். கருப்பசாமி வந்து என் கையிலிருந்து தாளைப் பிடுங்கினான். கிழிக்கப்போகிறான் என்றுதான் நினைத்தேன். சத்தமாக வாசிக்க ஆரம்பித்தான். கடைசி வரியை மறுபடியும் ஒரு தடவை வாசித்தான். தாளை மிஷின்காரரிடம் கொடுத்தான்.

“ஓட்டுங்கண்ணே. அக்கா எந்தக் கதையச் சொன்னாலும் இப்பிடித்தான் பாதில நிறுத்தும்.”

அதே மாதிரி ஒன்று

காரியம் முடிந்து வேலைக்குப் போன முதல் வாரமே ஆனைக்குட்டத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். அப்பா இறந்துவிட்டார். பாடி வீட்டில் கிடக்கிறது. அட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “உங்க வீட்டம்மாவுக்குப் போட்டீகள்ல, அதையே பேர மாத்திப் போடுங்க. ஊரே அதத்தான் பேசுது” என்றார்.

செல்வி என்னைப் பார்த்தாள். அவள் விரல் தயாராக இருந்தது. பேரை மாற்றுவது ஒரு நிமிட வேலை. முடியாது என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏன், எங்கப்பனுக்கு அந்தத் தகுதி இல்லியா?” என்று மேஜையில் தட்டினார். கல்லாவிலிருந்து அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். இந்தத் தடவை எழுந்து வரவில்லை.

“அது எங்க வீட்டு விஷயம். உங்கப்பா கடைசியா உங்ககிட்ட என்ன சொன்னார்?” என்று கேட்டேன்.

அவர் முறைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேறு பக்கம் பார்த்துச் சொன்னார்: “மோட்டார அமத்திட்டியாலேன்னு கேட்டாரு. அம்புட்டுதான். அதையெல்லாமா போஸ்டர்ல போடுவாக?”

போட்டோம்.

இத்தனை காலத்தில் நான் சொந்தமாக எழுதியது என்று சொல்ல ஒரே ஒரு வரிதான் இருக்கிறது, அதிலும் பாதி அவள் சொன்னது. அன்பின் சிகரம் என்ன செய்தார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. நாரணாபுரம் விலக்கில், வேன் நிற்கிற இடத்துக்கு எதிர்ச் சுவரில், சீனியம்மாளின் போஸ்டர் மழையில் வெளிறிப்போய் இன்னும் இருக்கிறது. இதுவரை யாரும் எழுந்து வந்து கிழிக்கவில்லை.