ஆல்வின் மூன்று தடவை சொன்னது

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று எவனோ சொல்லிவைத்துவிட்டுப் போய்விட்டான். வாய் இருந்தும் வார்த்தை வராத பிள்ளை என்ன செய்யும் என்று அந்த மகராசன் யோசித்தானா? ஆல்வினுக்குத் திக்குவாய். அதிலும் 'அ', 'ஆ' என்று தொடங்குகிற சொல் தொண்டையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். கொடுமையைப் பாருங்கள், சொந்தப் பேரே ஆல்வின். பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்துவிட்டு ஏழு இன்டர்வியூவுக்குப் போனான். எல்லா இடத்திலும் முதல் கேள்வி, உங்க பேர் என்ன என்பதுதான். ஏழும் அந்தக் கேள்வியோடு முடிந்தன.

அப்பா சூசைமாணிக்கம் ஒரு சீட்டில் பேரையும் படிப்பையும் எழுதிச் சட்டைப்பையில் வைத்து அனுப்புவார். சீட்டை நீட்டினால் எதிரே இருப்பவர் முகத்தில் ஒரு இரக்கம் வரும். அந்த இரக்கத்துக்குச் செருப்படியே தேவலை என்று ஆல்வினுக்குத் தோன்றும். இனிமேல் எவனிடமும் சீட்டு நீட்டுவதில்லை என்று ஒருநாள் அதைக் கிழித்துப் போட்டான்.

2004-இல் பிஞ்சு வெள்ளரி கம்பெனி ஒன்று அவனை எடுத்தது. திண்டுக்கல்லில் ஆபீஸ். ரெட்டியார்சத்திரம், சாணார்பட்டி, சித்தையன்கோட்டை மூன்றிலும் கொள்முதல் நிலையம். விவசாயிகளிடம் பிஞ்சை வாங்கி, வினிகரில் ஊறப்போட்டு, வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். முதலாளி சுருளிவேல் பேரெல்லாம் கேட்கவில்லை. கெட்டுப்போன கம்ப்யூட்டரைக் காட்டினார். ஆல்வின் சரிசெய்தான். நாளையிலிருந்து வா என்றுவிட்டார்.

ஆனால் சனியன் டெலிபோன் ரூபத்தில் வந்தது. எந்தத் தோட்டத்தில் என்றைக்கு என்ன மருந்து அடித்தார்கள் என்ற விவரம் இல்லாமல் வெளிநாட்டுக்காரன் ஒரு பிஞ்சைக்கூடத் தொடமாட்டான். தினமும் காலையில் மூன்று நிலையத்துக்கும் போன் போட்டு அதைக் கேட்டு எழுத வேண்டும். ஆல்வின் போன் போட்டால் மறுமுனையில் ராங் நம்பர் என்று வைத்துவிடுவார்கள். போன் பேசத் தெரியாதவனுக்கு இங்கே என்ன வேலை, ஒரு மாசம் பார்ப்பேன் என்றார் சுருளிவேல்.

அந்த ஒரு மாசத்தில் ஆல்வின் செய்த காரியம் சாதாரணமல்ல. மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டி, பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து லினக்ஸ் ஏற்றிச் சர்வர் ஆக்கினான். பிரவுசிங் சென்டரில் ஒரு சாட் மென்பொருளை இறக்கி, பிளாப்பியில் கொண்டுவந்து போட்டான். போட்டதும் ஓடிவிட்டதா? ஓடவில்லை. ஒரு கோப்புக்கு அனுமதி இல்லை என்றது, டேட்டாபேஸைக் காணோம் என்றது. ஒன்பது தடவை அழித்துப் போட்ட பிறகு, நிலையங்களிலிருந்து மோடம் வழியாக வந்த எழுத்து திரையில் தெரிந்தது.

அங்கே ஆல்வின் திக்கவில்லை. இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டி மூன்று ஊரையும் விரட்டி வேலை வாங்கினான். நையாண்டி செய்தான். சாணார்பட்டி நிலையத்தைப் பார்த்துக்கொண்ட புவனேஸ்வரி, இம்புட்டுப் பேச்சையும் எங்கே சார் ஒளிச்சு வச்சிருந்தீங்க என்று எழுதினாள். அன்றைக்கு அதை ஐந்தாறு தடவையாவது படித்திருப்பான். இருபத்தாறு வயதில் அவனுக்கு முதல் தடவையாக வாய் கிடைத்தது. மருந்து விவரம் நோட்டுக்கு ஏறுவதும் நின்றது. எல்லாம்தான் சாட்டில் இருக்கிறதே! நகல் எடுத்து வைக்காதது அவன் தப்புதான், இல்லையென்று சொல்லவில்லை.

வினை வேறு இடத்தில் இருந்தது. அந்தச் சாட் மென்பொருளை நிறுவும்போது கடைசிப் பக்கத்தில் பச்சையாய் ஒரு பெரிய பட்டன் வரும். அமுக்கினால் எல்லாம் புதிதாகத் தொடங்கும். நிறுவி முடித்ததும் அந்தப் பக்கத்தை நீக்கிவிடச் சொல்லி மென்பொருளோடு வந்த குறிப்பிலேயே எழுதியிருந்தார்கள். மறுபடி அமுக்கினால் உள்ளே இருப்பது மொத்தமும் துடைத்துப் போய்விடும். சுருளிவேல் முதல் நாளே அந்தப் பட்டனைப் பார்த்துவிட்டார். தன் அக்கா சுந்தரம்மாளுக்குக் கைராசி, தோட்டத்துக்குப் போர் போட்டது, கம்பெனிக்குத் தகரச் செட்டு போட்டது எல்லாம் அவர் தொட்டுத் தொடங்கியதுதான், இதையும் விஜயதசமிக்கு அவரே அமுக்கட்டும், அதுவரை வெள்ளோட்டம், அந்தப் பக்கத்தில் கை வைக்காதே என்றார். ஆல்வின் தலையாட்டினான். தலையாட்டுவதற்குத் திக்காது அல்லவா.

ஐப்பசி பிறந்தது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம்தான், விஜயதசமிக்கு இன்னும் இரண்டே நாள் என்பது அவனுக்கு உறைத்தது. முதலாளி சொல்லாமல் பக்கத்தை எடுக்கப் பயம். சீட்டு எழுதி நீட்டவோ மனசு இடம் கொடுக்கவில்லை. சர்வருக்கு முன்னால் உட்கார்ந்து சாட்டிலேயே எழுதினான்: 'பச்சைப் பட்டனை அமுக்க வேண்டாம். அமுக்கினால் எல்லாம் அழியும். அதே மாதிரி சும்மா ஒரு பட்டன் வைத்துத் தருகிறேன், சரி என்று பதில் போடுங்கள்.' ஒரு தடவையல்ல, மூன்று தடவை. யாரும் பதில் போடவில்லை. எப்படிப் போடுவார்கள்? மத்தியானமே சர்வர் தவிர எல்லாக் கம்ப்யூட்டரையும் அணைத்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார்கள். பூஜைக்கு வைத்த ஆயுதத்தை மறுநாள் முழுக்க யாரும் தொடக்கூடாது. ஆல்வின் வேதக்கார வீட்டுக் கிறிஸ்தவப் பிள்ளை, அந்தக் கம்பெனியில் அவனுக்கு அது முதல் பூஜை. மறுநாள் ஓடி வந்தான். சர்வர் அறை பூட்டிக் கிடந்தது.

விஜயதசமி காலை. வாழைக்கன்று, பொரி, சூடம், மூன்று நிலையத்து ஆட்களும் புதுச்சட்டையில். சுந்தரம்மாள் சாமி கும்பிட்டுவிட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். அமுக்காதீங்க. ஒரே ஒரு சொல்தான். பாழாய்ப்போன சொல், அதுவும் 'அ'வில்தான் தொடங்க வேண்டுமா?

"அ... அ... அ..."

கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் தண்ணீர் முட்டியது. முதலாளியின் அக்கா கையை எட்டிப் பிடிக்க முடியுமா? ஆல்வின் நீட்டிய கையைப் பின்னால் நின்ற ஒருவன் மரியாதையாகப் பிடித்து இழுத்துவிட்டான். சுந்தரம்மாள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"சந்தோசத்துல பேச்சு வரல, பாவம்."

அமுக்கினார். எல்லோரும் கை தட்டினார்கள்.

கைதட்டல் அடங்கும் முன்பே புவனேஸ்வரிக்கு விளங்கிவிட்டது. திரை வெறுமையாக இருந்தது. அந்த வாரமே போகவேண்டிய கன்டெய்னர் மருந்து விவரம் இல்லாமல் நின்றது. சுருளிவேல் கத்தவில்லை. கத்தியிருந்தாலும் தாங்கியிருப்பான். அத்தனை பேர் முன்னால் நிதானமாகக் கேட்டார்.

"ஏலே, முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?"

புவனேஸ்வரி அவன் முகத்தையே பார்த்தாள். ஆல்வின் சர்வரைக் கைகாட்டினான். அங்கே என்ன இருக்கிறது? பிறந்ததிலிருந்து அவன் திக்காமல் திணறாமல் மூன்று தடவை சொன்ன ஒரே வார்த்தையும் அந்தக் கைராசிக் கையோடு போய்விட்டது.

அடுத்த வாரம் நிலையத்துக்கு ஒன்றாக செல்போன் வாங்கிக் கொடுத்தார்கள். கம்பெனியை விட்டுப் போகும்போது ஆல்வின் சொல்லிக்கொள்ளவில்லை. ஒரு சீட்டு எழுதி முதலாளி மேசையில் வைத்துவிட்டுப் போனான்.