கடைசி பெஞ்சில் கணக்கு டீச்சர்

எண்பத்தேழாம் வருடம், ஜூன் மாதம், சென்னைப் புறநகரில் கரையான்சாவடியை ஒட்டிய ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராகச் சேர்ந்தேன். தற்காலிக வேலை; தங்கியது ஒரு லாட்ஜில். தலைமையாசிரியர் ஒருநாள் வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பார். அவருக்குப் பிடித்தால் வேலை தொடரும். இல்லையென்றால் நாகர்கோவிலுக்குத் திரும்பி அண்ணனின் மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்க வேண்டியதுதான்.

முதல் வாரமே சறுக்கினேன். எட்டாம் வகுப்பில் தொண்டை வறண்டுபோய், முன்வரிசைப் பெண்ணிடம், "மக்களே, கொஞ்சம் வெள்ளம் கொண்டு வா" என்றேன். எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளையைக்கூட மக்களே என்றுதான் கூப்பிடுவோம். குடிக்கிற தண்ணீர்தான் வெள்ளம்.

"இன்னாடா, சார் மீட்டிங் பேசறாரு" என்றான் ஒருவன்.

"செம்பரம்பாக்கம் ஏரிய தொறந்து உடச் சொல்றாருடா" என்றான் இன்னொருவன்.

அதன்பின் நான் வாயைத் திறந்தாலே சிரிப்பு. மிரட்டிப் பார்த்தேன், இன்னும் சிரித்தார்கள்.

கணக்கு டீச்சருக்கு என் வயதுதான். கரையான்சாவடியில் பல தலைமுறையாக விவசாயம் செய்த குடும்பம். எனக்கு ஒரு வருடம் முன்பு சேர்ந்தவர். தமக்கு ஓய்வான பீரியடில் என் வகுப்பில் வந்து உட்காரட்டுமா என்று கேட்டார். திருத்த வேண்டிய நோட்டுகளோடு கடைசி பெஞ்சில் அமர்ந்தார். அன்று மாலை பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது, "பசங்க சிரிச்சா மூஞ்சத் திருப்பிக்கிறீங்க சார். அப்புறம் பாடம் மொத்தம் போர்டுக்குத்தான் நடக்குது" என்றார்.

பதிலுக்கு நானும் அவர் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். கேள்வி கேட்டுவிட்டுப் பிள்ளைகள் யோசிப்பதற்குள் விடையையும் அவரே சொல்லிவிடுகிறார் என்றேன். ஒரு கணம் முறைத்தார்; பிறகு சிரித்துவிட்டார். இப்படியே மாறி மாறி உட்கார்ந்ததில் எங்கள் இருவர் வகுப்புகளும் மெல்லத் தேறின.

அக்டோபரில் தலைமையாசிரியர் வந்தார். கணக்கு டீச்சர் நகர்ந்து பெஞ்சில் இடம் கொடுத்தார். பேச்சு வழக்கு, எழுத்து வழக்கு பாடம். நானே போர்டில் 'வெள்ளம்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, எங்கள் ஊரில் அது டம்ளருக்குள் அடங்கிவிடும் என்றேன். தலைமையாசிரியருக்குப் பயந்து யாரும் சிரிக்கவில்லை. 'இருக்கிறது' என்பதை உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டேன். கொச்சை பேசினால் தலைமையாசிரியர் வாசலில் நிற்க வைப்பார் என்பது எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் நோட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். எனக்கு அண்ணன் கடைத் தராசு கண்ணில் ஆடியது.

கடைசி பெஞ்சில் கணக்கு டீச்சர் கைகட்டி எழுந்து நின்றார்.

"எங்க ஊட்ல கீதுன்னு சொல்லுவோம் சார்."

வகுப்பு இடிந்துவிழாத குறை. இந்த முறை நானும் முகத்தைத் திருப்பாமல் கூடவே சிரித்தேன். பிறகு கைகள் உயர்ந்தபடி இருந்தன. போர்டு நிறைய வந்துகினு, குந்து, அப்பால. ஒவ்வொன்றுக்கும் எழுத்து வழக்கை அவர்களே சொன்னார்கள். மணி அடிக்கும் நேரத்தில் தலைமையாசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தங்கள் கோயம்புத்தூர்ப் பக்கம் சாயங்காலத்தைப் 'பொழுதோட' என்பார்கள், அதையும் எழுதலாமே என்றார்.

எழுதினேன். வெளியே வந்ததும், அடுத்த வருடம் ஒன்பதாம் வகுப்பையும் நானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கணக்கு டீச்சர் நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். "அப்போ லாட்ஜ காலி பண்ணுங்க சார். இங்க பக்கத்துல ஐயப்பன்தாங்கல்ல எங்க சித்தி ஊட்டு மாடி சும்மாதான் கீது."

அந்த ஞாயிற்றுக்கிழமையே போய்ப் பார்த்தேன். ஜன்னலைத் திறந்தால் நல்ல காற்று.