வலது கால்

வலது காலைத்தான் நீட்ட வேண்டும். மாதா கோயில் உபதேசியார் அதை இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார். மனுஷன் ஒரு தடவையோடு விட்டிருக்கக் கூடாதா!

ராணியம்மாளுக்கு வலது காலில் இரண்டு விரல் கிடையாது. சர்க்கரை வியாதியில் புண் புரையோடி, இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேலூரில் எடுத்துவிட்டார்கள். தெருவில் கேட்டவர்களிடம் அக்கா வீட்டுக்குப் போயிருந்ததாகச் சொன்னாள். செங்கம் ரோட்டில் ஒரு விடுதியில் அவளுக்குச் சமையல் வேலை. அடுப்பு வெக்கையிலும் காலுறையைக் கழற்ற மாட்டாள்.

மறைக்காமல் என்ன செய்வாள்? போன வருஷம் மகள் கவிநிலாவுக்கு வந்த சம்பந்தம் அந்தக் காலால்தான் போனது. பெண் பார்க்க வந்த ஒருத்தி எப்படியோ பார்த்துவிட்டு, "பெருவியாதி வீடு" என்று தரகரிடம் சொல்லி அனுப்பினாள். குஷ்டமாம்! அவள் நாக்கு அழுக!

இப்போது சேத்துப்பட்டுச் செழியன் வீட்டார் கேட்கிறார்கள். தங்கமான பையன். அவன் அம்மா வேதாதான் அளந்து அளந்து பேசுகிறவள். மூன்று முறை வந்தும் ராணியம்மாளை வெறும் "நீங்க" என்பதோடு சரி, சம்பந்தி என்ற சொல் அந்த வாயிலிருந்து விழவில்லை. பெரிய வியாழன் பூசையில் சாமியார் பன்னிரண்டு பேர் பாதத்தைக் கழுவும் சடங்கில் ராணியம்மாளும் உண்டு என்று கேட்டதும், "அப்ப நாங்களும் வர்றோம். பூசை முடிஞ்சு நிச்சயத்துக்கு நாள் குறிச்சுடலாம்" என்றாள். இனி எந்த முகத்தோடு மறுப்பது?

"சொல்லிடும்மா. இந்த ஊர்ல சுகர் யாருக்கு இல்ல?" என்றாள் கவிநிலா.

"நீ சும்மா கெட. அவங்க வாய்ல சுகர்னா வரும்? அந்தப் பேருதான் வரும்."

அன்று பௌர்ணமி. சாயங்காலம் வெளியே கிரிவலக் கூட்டம் வெறுங்காலோடு போய்க்கொண்டே இருந்தது. அத்தனை ஆயிரம் காலில் ஒன்றையாவது யாராவது உற்றுப் பார்த்தார்களா? மாதா கோயிலுக்குள்ளே பன்னிரண்டு நாற்காலி போட்டு, போதாததற்கு விளக்கு வேறு. முதல் நாற்காலி தலைமைச் சீடர் பேதுருவுடையது. அதில்தான் அவளை உட்கார வைத்தார்கள். முன்வரிசையில் வேதா.

பங்குச் சாமியாருக்கு எழுபது வயது. மேலங்கியைக் கழற்றிவிட்டு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டார். "ராஜான்னா ஆள் வந்து அவர் காலைக் கழுவும். நம்ம ராஜா சீடருங்க காலைக் கழுவத் துண்டைத் தானே எடுத்துக் கட்டிக்கிட்டாரு." பிரசங்கம் அவ்வளவுதான். நாற்காலிக் கையைப் பிடித்து, வலிக்கிற முட்டியை மடக்கி, அவள் முன்னால் மண்டியிட்டார்.

ராணியம்மாள் இடது காலை நீட்டினாள்.

"வலது கால்மா."

"வேணாம் சாமி. என் பொண்ணு வாழ்க்கை போயிடும்." அவருக்கு மட்டும்தான் கேட்டது.

அவர் காலுறையைப் பார்த்தார், அவள் கண் போன முன்வரிசையையும் பார்த்தார். "ஆண்டவர் கால் கழுவ வந்தப்ப பேதுருவும் வேணாம்னுதான் சொன்னாரு. நீங்களா நீட்டினாதான் கழுவுவேன். அவசரமில்ல, இருக்கேன்."

இருந்தார். பாடகர்கள் பாட்டை முடித்து மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். பின்னால் யாரோ செருமினார்கள். கிழவரின் முட்டி நடுங்குவது துண்டு ஆடுவதில் தெரிந்தது. அதட்டியிருந்தால் எழுந்து ஓடியிருப்பாள். அடுத்த நாற்காலிக்கு நகர்ந்திருந்தால் தப்பித்தோம் என்றிருப்பாள். இந்த மனுஷன் காலடியில் காத்துக் கிடக்கிறாரே! அடச்சீ, யாருக்காக இந்தப் பயம் என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது. குனிந்து காலுறையை உருவிப் போட்டாள்.

முன்வரிசையில் யாரோ "ஐயோ" என்றார்கள். மூன்று விரல்களையும், இல்லாத இரண்டின் தழும்பையும் அவர் நிதானமாகக் கழுவி, துடைத்து, முத்தமிட்டார். அவள் நிமிர்ந்தபோது வேதாவின் இடம் காலியாக இருந்தது.

போச்சு. மீதிப் பூசை எதுவும் அவள் காதில் ஏறவில்லை. முடிந்ததும் கவிநிலாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு வாசலுக்கு வந்தாள்.

அங்கே செருப்புக் குவியலுக்கு நடுவில் வேதா குனிந்து தேடிக்கொண்டிருந்தாள். வேலூரில் ராணியம்மாளின் காலுக்கு அளவெடுத்துச் செய்த தடித்த ரப்பர் செருப்பு ஜோடியைக் கையில் எடுத்தாள். முந்தானையால் மண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கண் சிவந்திருந்தது.

"எங்க அப்பாவுக்கும் இதே கால், இதே மாதிரி செருப்புதான். சாகிற வரைக்கும் மறைச்சே வெச்சிருந்தோம். இன்னிக்குப் பார்க்க முடியல, எழுந்து வந்துட்டேன்."

அவள் தரையில் உட்கார்ந்து, செருப்பை ராணியம்மாளின் காலடியில் வைத்தாள்.

"போட்டுக்குங்க சம்பந்தி. இந்தக் காலோட வெறுந்தரையில நிக்கக் கூடாது."