பொருந்தாத பாட்டரி

மண்டபம் நிறையச் சனம் பார்த்துக்கொண்டிருக்க ஒருவன் என் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கினான். அதற்குப் பதில் கொடுக்க எனக்கு ஐந்து வருடமும் ஒரு ட்ரில்லும் தேவைப்பட்டன.

அவன் என் கணவரின் சிநேகிதன். அவரை அண்ணை என்றும் என்னை அக்கா என்றும் கூப்பிடுவான். எண்பதுகளின் கடைசியில் லண்டனில் எங்கள் ஆட்களின் கல்யாணங்கள் பெருகத் தொடங்கியபோது, எட்மண்டனில் எங்கள் வீட்டுக் கராஜில் வைத்து இரண்டு பேருமாக, மணமக்கள் அமர்வதற்கு மரத்தில் ஒரு மணவறை செய்தார்கள். பள்ளிக்கூட மண்டபத்தைக் காலையில் திறந்துவிட்டுப் பின்னேரம் பூட்டிவிடுவார்கள். அதனால் மணவறையைத் துண்டு துண்டாக வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், ஸ்க்ரூ முடுக்கி நிமிர்த்தி, எல்லாம் முடிந்ததும் கழற்றிக்கொண்டு வரவேண்டும். பலகை அறுத்தது அவர்கள். தூணில் கொடியும் மேல் வளைவில் மயில்களும் வரைந்து பொன்வண்ணம் பூசியது நான். ஊரில் சித்திரம் படிப்பித்தவள் இங்கே ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அந்த மயில்களை வரையும்போதுதான் எனக்கு என்னைப் பிடிக்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் கணவர் வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். பிறகு எழும்பவில்லை.

எட்டு மாதம் கழித்து மறுபடி மண்டபத்துக்குப் போனேன். வெம்பிளியில் ஒரு கல்யாணம். ஏணியில் நின்று வளைவைப் பூட்டிக்கொண்டிருந்தேன். கீழே பெண் வீட்டுக்காரி ஒருத்தி அவன் காதுக்குள் என்னவோ சொன்னாள். அவன் ஏணியடிக்கு வந்து ஸ்க்ரூடிரைவரை வாங்கினான். வாங்கினான் என்று சொல்வது மரியாதைக்கு.

"குறை நினைக்காதேங்கோ அக்கா. நீங்கள் மணவறையில கை வைக்கிறது சரியில்லை எண்டு சனம் கதைக்குது. அங்கால போய் நில்லுங்கோ."

"அப்ப கராஜில நான் தொடேக்க?"

"அங்கை ஒருத்தரும் பாக்கேல்லைத்தானே."

நான் வரைந்த மயில் வேண்டுமாம், புருஷன் செத்தவளுடைய கை வேண்டாமாம். ஆடு பகை, குட்டி உறவு. நான் இறங்கிப்போய், கோட்டுகள் தொங்கும் மூலையில், ஈரக் குடைகளுக்கு நடுவில் நின்று தாலி கட்டுவதைப் பார்த்தேன். அட்சதைத் தட்டு என்னைத் தாண்டிப் போனது. அழவில்லை. இந்தக் கையை வேண்டாம் என்றவன் ஒரு நாள் இதே கையைக் கேட்டு என்னிடம் வரவேண்டும், அதுவும் சனம் பார்க்கக் கேட்கவேண்டும் என்று அந்த இடத்திலேயே தீர்மானித்தேன்.

அடுத்த கிழமை கராஜைக் காலி செய்யச் சொன்னேன். மணவறை தன்னுடையது என்று சொல்லி வானில் ஏற்றிக்கொண்டு போனான். மயில்களும் அதோடு போயின.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். பூமியை வைத்து நான் என்ன செய்ய? அவனுடைய முகம் கறுப்பதைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். கவுன்சில் நடத்திய மாலை வகுப்பில் சேர்ந்து தச்சு வேலை பழகினேன். வகுப்பில் சேலை கட்டியவள் நான் ஒருத்திதான். இரண்டு வருடம் எடுத்தது. பிறகு எனக்கென்று ஒரு மணவறை. மயிலைத் தொடவில்லை, அன்னங்கள் வரைந்தேன். அவனுடைய மணவறையை விட ஓர் அடி உயரமாகச் செய்தேன். அந்த ஓர் அடிக்கு வேறு காரணம் இல்லை.

அதன்பிறகு ட்ரில் வாங்கவேண்டி வந்தது. நூற்றுக்கு மேற்பட்ட ஸ்க்ரூக்களைக் கையால் முடுக்கினால் மணிக்கட்டு வீங்கிவிடும். அப்போது லண்டனில் மணவறை கட்டிய ஐந்தாறு பேரும் ஒரே வகை ட்ரில்தான் வைத்திருந்தார்கள். வயர் இல்லாதது. நீளமான பாட்டரி பிடிக்குள்ளே செருகும். முதலில் அவன் வாங்கினான், மற்றவர்கள் அவனைப் பார்த்து வாங்கினார்கள். அதில் ஒரு வசதி இருந்தது. எங்கள் ஆட்களிடையே கிடாரம், கதிரை, குத்துவிளக்கு எல்லாம் இரவலில் ஓடுகிறவை. அதுபோல ஒருவனுக்குப் பாட்டரி இறங்கினால் பக்கத்து மண்டபத்திலிருந்து இன்னொருவனுடைய பாட்டரி காரில் வந்துவிடும்.

எட்மண்டன் பெரிய வீதியில் தச்சுக் கருவிகள் விற்கும் கடை ஒன்று இருந்தது. மூன்று சனிக்கிழமை போனேன். கைப்பையில் ஒரு துண்டு பிளைவுட், ஒரு பெட்டி ஸ்க்ரூ. வெள்ளைக்காரக் கடைக்காரர் முதல் நாள், "கணவருக்குப் பரிசா?" என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். சிரித்தார். நான் பிளைவுட்டை எடுத்து மேசையில் வைத்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு இரண்டு ட்ரில்களைக் கொண்டுவந்தார்.

ஒன்று அவன் வைத்திருந்தது. மற்றது வேறு கம்பனி. இரண்டும் பன்னிரண்டு வோல்ட். இரண்டுக்கும் இரண்டிரண்டு பாட்டரி. இரண்டின் கழுத்திலும் எண் போட்ட வளையம் இருந்தது. அதைச் சரியான எண்ணில் வைத்தால் ஸ்க்ரூவின் தலை பலகையில் பட்டதும் டக டக என்று சத்தம் போட்டுத் தானாக நிற்கும், பலகை பிளக்காது. விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. அவனுடையது கைக்கு அடக்கமாக இருந்தது, ஒரு கையால் அரை மணித்தியாலம் தூக்கி வைத்திருக்கலாம். மற்றது பாரம். அதன் பாட்டரி பிடிக்கு அடியில் அகலமாக இருந்ததால் கீழே வைத்தால் நேராக நிற்கும். அவனுடையதை வைத்தால் சரிந்து உருளும். சேலையோடு ஏணியில் நிற்கிறவளுக்கு நிற்கிற ட்ரில் நல்லதுதான்.

பாரமில்லாததைத்தான் கடைக்காரர் எடுத்து நீட்டினார். "எல்லோரும் வாங்குவது இது. ஒரு அவசரத்துக்கு யாரிடமும் பாட்டரி வாங்கிப் போடலாம்," என்றார். நான் மற்றதைக் கட்டச் சொன்னேன்.

ஏன் அதை வாங்கினாய் என்று பிறகு கேட்டவர்களுக்கு, நேராக நிற்கும், அதனால்தான் என்று சொல்லியிருக்கிறேன். பொய். அதன் பாட்டரி அவனுடைய ட்ரில்லில் ஏறாது, அதற்காகவே வாங்கினேன். ஒரு அவசரத்தில் அவன் யாரையாவது அனுப்பி, என் பாட்டரியை வாங்கிப் போட்டு, என் முகத்தைப் பார்க்காமலே தன் காரியத்தை முடித்துவிடக் கூடாது.

அந்த வன்மத்தின் பலனை நானும் அனுபவித்தேன். ஒரு கல்யாணத்தில் என்னுடைய இரண்டு பாட்டரியும் இறங்கிப்போக, பொருந்தக்கூடியது லண்டனில் வேறு யாரிடமும் இல்லை. கடைசி இருபது ஸ்க்ரூவைக் கையால் முடுக்கினேன். உள்ளங்கை கொப்புளித்து உடைந்தது. அப்போதும் வேறு ட்ரில் வாங்க நினைக்கவில்லை.

என்னைக் கூப்பிட்டவர்கள் ஏற்கெனவே ஊர் வாயில் விழுந்தவர்கள். வெள்ளைக்காரியைக் கட்டுகிறவன், சாதி மாறிக் கட்டுகிறதுகள், இரண்டாந்தாரம். விதவை கட்டிய மணவறை என்று அவர்கள் பயப்படவில்லை. பயப்பட அவர்களுக்கு வேறு நிறைய இருந்தது.

ஒரு ஆவணி மாதம், நல்ல நாள். ஹரோவில் ஒரு பள்ளிக்கூடம். அங்கே உடற்பயிற்சி மண்டபத்தில் ஓர் இரண்டாந்தாரக் கல்யாணத்துக்கு என் அன்ன மணவறையைக் கட்டி முடித்திருந்தேன். அதே கட்டடத்தின் பெரிய மண்டபத்தில் அவனுடைய சொந்த மகளுக்குக் கல்யாணம். வாசலில் பெயர்ப்பலகையைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது.

பட்டு வேட்டியோடு, வியர்த்து வழிய, தன் ட்ரில்லைக் கையில் பிடித்தபடி ஓடிவந்தான்.

"அக்கா, பெடியள் நேற்றுச் சார்ஜ் போட மறந்திட்டாங்கள். ரெண்டு பாட்டரியும் செத்துப்போச்சு. மற்ற ஆக்கள் எல்லாரும் இண்டைக்குத் தூரத்து மண்டபங்களில நிக்கினம். மேல் வளைவு இன்னும் பூட்டேல்லை. கையால முடுக்கினால் ஸ்க்ரூவின்ர தலை தேயுது. முகூர்த்தத்துக்கு அரை மணித்தியாலம்தான் கிடக்கு. உங்கட பாட்டரி ஒண்டு தாங்கோ."

ஆனைக்கு ஒரு காலம், பூனைக்கு ஒரு காலம். பாட்டரியைக் கழற்றிக் கொடுத்தேன். நேராகச் செருகிப் பார்த்தான். திருப்பிச் செருகிப் பார்த்தான். நான் தடுக்கவில்லை.

"உது கொள்ளாது தம்பி."

"அப்ப ட்ரில்லைத் தாங்கோ, உடன கொண்டுவந்து தாறன்."

"என்ர ட்ரில்லை நான் ஒருத்தருக்கும் குடுக்கிறேல்லை. வேணுமெண்டால் நான் வந்து பூட்டித் தாறன்."

அவன் என் நெற்றியைப் பார்த்தான். பொட்டில்லாத நெற்றி. பிறகு கீழே பார்த்தான்.

"சனம் எல்லாம் வந்திட்டுது அக்கா."

"வரட்டும். வளைவு இல்லாமல் மகளை இருத்தப் போறியோ?"

"வாங்கோ," என்றான்.

பெரிய மண்டபத்தில் சுவரோரமாக ஒரு பாதை இருந்தது. நான் நடுவால் போனேன். பெண்கள் பக்கம் பேச்சு அடங்கியது. இரண்டு பெடியன்கள் வளைவைத் தூக்கிப் பிடிக்க, ஏணியில் ஏறிப் பூட்டத் தொடங்கினேன். என் மயில்களை இத்தனை வருடத்துக்குப் பிறகு பக்கத்தில் பார்த்தேன். பொன்வண்ணம் உரிந்து, யாரோ மஞ்சள் பெயின்றைத் தடவியிருந்தார்கள். ஆனாலும் ஒழுங்காகப் பூட்டினேன், ஒரு ஸ்க்ரூவும் கோணவில்லை. கால் மணித்தியாலத்தில் வேலை முடிந்தது.

இறங்கித் திரும்பும்போது அவன் ஐயரிடம் என்னவோ மெதுவாகச் சொல்வதைப் பார்த்தேன். ஐயர் செம்பையும் மாவிலையையும் எடுத்துக்கொண்டு வந்து, நான் கை வைத்த தூணிலெல்லாம் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். இரண்டு துளி என் கையிலும் விழுந்தது.

திரும்பி ஏணியில் ஏறினேன். எந்த ட்ரில்லிலும் விரலடியில் ஒரு பொத்தான் உண்டு, தள்ளினால் மறுபக்கம் சுற்றும். தள்ளினேன். முதல் ஸ்க்ரூ கழன்று மேடையில் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவது விழுந்தபோது மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். பெடியன்கள் பதறிப்போய் வளைவைப் பிடித்தார்கள்.

"அக்கா, என்ன செய்யிறியள்?" அவன் மேடையடிக்கு ஓடிவந்தான்.

"தண்ணி வேணுமோ, ஸ்க்ரூ வேணுமோ? சொல்லு தம்பி."

ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வாசலில் மணப்பெண் தலை குனிந்தபடி, தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பிள்ளை ஒரு பாவமும் செய்யாதது. அவளுக்காக நான் இரங்கியிருக்கவேண்டும். இரங்கவில்லை.

அவன் மனைவியைப் பார்த்தான், சனத்தைப் பார்த்தான், கடைசியில் என்னைப் பார்த்தான்.

"ஸ்க்ரூ," என்றான், வாய்க்குள்.

நாலாவது ஸ்க்ரூவில் ட்ரில்லை வைத்தேன்.

"கேக்கேல்லை," என்றேன்.