நனையாமல் வந்த சாட்சி

நான் வக்கீல். பெயர் செம்மொழி. மன்னார்குடி கோர்ட்டில் பல வருடங்களாக ஆஜராகிறேன். பார்க்காததைப் பார்த்தேன் என்று கூண்டில் ஏறிச் சொன்னவர்களைக் குறுக்கு விசாரணையில் திணற வைத்திருக்கிறேன். அப்படிப்பட்டவள்தான் இதைச் சொல்கிறேன். இது நடந்தது. பயமுறுத்துவதற்காக ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். இதைவிட நம்ப முடியாத ஒன்றை ஒரு நாட்டின் நீதிமன்றம் முழுதாக நம்பியது... என் தம்பி கொலைகாரன் என்று.

தம்பி பெயர் புகழேந்தி. தஞ்சாவூரில் கேட்டரிங் படித்துவிட்டு, சமையல் வேலைக்கு அமெரிக்கா போனான். எந்த மாநிலம் என்று எழுத மாட்டேன். அந்தப் பெயரை உச்சரிப்பதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது. சின்ன ஊர். மார்லீன் என்ற வயதான அம்மாள் வீட்டின் பின்பக்க அறையில் வாடகைக்கு இருந்தான். கணவர் இறந்து தனியாக இருந்தவர் அவர். ஞாயிற்றுக்கிழமைகளில் இவன் மிளகு ரசம் வைத்துக் கொடுப்பானாம். மூக்கைத் துடைத்துக்கொண்டே குடிப்பாராம். போனில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது அவர் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. கழுத்தில் குத்துப்பட்டுத் தரையில் கிடந்தார். இவன் தன் சட்டையைக் கழற்றிக் காயத்தில் வைத்து அழுத்தினான். ரத்தம் நிற்கவில்லை. தெருவுக்கு ஓடி வந்து கத்தினான். பதற்றத்தில் வாயில் தமிழ்தான் வந்தது. "காப்பாத்துங்க... யாராவது வாங்க..." எதிர்வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிட்டார். மேல்சட்டை இல்லாத ஒருவன், உடம்பெல்லாம் ரத்தத்தோடு, ஏதோ மொழியில் எல்லோரையும் மிரட்டுகிறான் என்றார்.

காப்பாத்துங்க என்று கத்தியது, மிரட்டலாகக் கோர்ட்டில் பதிவானது.

பிடித்த உடனே நாலு வரி வாசித்தார்கள். பேசாமல் இருக்க உனக்கு உரிமை உண்டு, வக்கீல் வைத்துக்கொள்ள உரிமை உண்டு என்கிற வரிகள். மூச்சு விடாத இங்கிலீஷ். இவன் எல்லாவற்றுக்கும் "எஸ் சார்" என்றான். நம் ஊர்ப் பிள்ளை போலீஸிடம் வேறென்ன சொல்வான்? மொழிபெயர்க்க ஓர் ஆளை வரவழைத்தார்கள். அவர் இந்தி பேசுகிறவர். இவனுக்கு இந்தி தெரியாது. மறுநாள் மத்தியானம் வரை தூங்கவிடாமல் கேட்டார்கள். அவர்களே இங்கிலீஷில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கினார்கள்.

இன்னொரு வரியும் இருக்கிறது. வெளிநாட்டுக்காரனைக் கைது செய்தால், உன் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் கொடுக்கலாம் என்று அவனிடம் சொல்ல வேண்டும். அந்த நாடே கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் அது. யாரும் சொல்லவில்லை. விஷயம் தெரிந்து நாங்கள் தூதரகத்தை எட்டியபோது மரண தண்டனையே விதித்தாயிற்று. அப்பீலில் இதைக் கேட்டோம். விசாரணையின்போதே எழுப்பியிருக்க வேண்டும், காலம் கடந்துவிட்டது என்றார்கள். இருப்பதே தெரியாத உரிமையை ஒருவன் எப்படிக் கேட்பான்? சொல்லாமல் விட்டது அவர்கள். தாமதம் மட்டும் இவன் தலையில். அந்தத் தீர்ப்பைப் படித்த அன்று எங்கள் அப்பா சாப்பிடாமல் படுத்தார். அந்த வருடமே போய்ச் சேர்ந்தார்.

நம் நாட்டில் தூக்கு இல்லையா என்று என்னிடம் கேட்கிறார்கள். இருக்கிறது. அதையும்தான் எதிர்க்கிறேன். தப்பைத் திருத்த முடியாத தண்டனையை, தப்பு செய்கிற மனிதர்கள் கையில் கொடுக்கக் கூடாது. இதைச் சொல்ல நான் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை.

கார்த்திகை மாதம் நாள் குறித்தார்கள். அங்கே தூக்கு இல்லை, விஷ ஊசி. அந்த ஊரில் நள்ளிரவு தாண்டி ஒரு நிமிடம். இங்கே காலை பதினொன்று முப்பத்தொன்று. மகனைக் கடைசியாகப் பார்க்க அம்மா விசா கேட்டாள். கிடைக்கவில்லை. மறுபடி கேட்டாள். மறுபடியும் இல்லை.

அன்று வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். சொந்தக்காரர்கள் யாரும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வந்தால் அழுவார்கள். எனக்கு அழுகிறவர்களைப் பார்க்கப் பொறுமை இல்லை. மூன்று நாளாக மழை. வயலில் சம்பாப் பயிர் மூழ்கிக் கிடந்தது. அம்மா விடிந்ததும் போய் வரப்பை வெட்டித் தண்ணீரை வடியவிட்டுவிட்டு வந்து, கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

பேய்க்கு இருட்டு வேண்டும் என்பார்கள். எங்கள் வீட்டுக்கு அது பட்டப்பகலில் வந்தது.

மணி பத்தரை இருக்கும்.

"யாரோ வெள்ளக்காரம்மா வராங்கடி," என்றாள் அம்மா.

அந்த வாரம் முழுக்கக் கேமராக்காரர்கள் வந்தபடி இருந்தார்கள். இதுவும் அப்படி ஒரு ஆள் என்று எரிச்சலோடு எட்டிப் பார்த்தேன். வாய்க்கால் கரையில் ஒரு வயதான பெண் தனியாக வந்துகொண்டிருந்தார். வெளிர்நீல கவுன். குடை இல்லை. மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவசரமே இல்லாமல் நடந்து வந்தார்.

படியேறி உள்ளே வந்த பிறகுதான் கவனித்தேன். தலைமுடியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. செருப்பில் சேறு இல்லை. இடது கையால் கழுத்தைப் பிடித்திருந்தார், சுளுக்கிக்கொண்டவரைப் போல.

"வாங்கம்மா. உக்காருங்க," என்றாள் அம்மா.

அவர் நாற்காலியில் உட்காரவில்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். நான் டீ கொண்டுவந்து கொடுத்தேன். ஆவி பறந்தது. அவர் விரல் பட்டதும் ஆவி நின்றது... குடிக்காமல் டம்ளரைக் கீழே வைத்தார். எடுத்துப் பார்த்தேன். ஐஸ் மாதிரி இருந்தது.

"எந்தப் பத்திரிகைலேர்ந்து வரீங்க?" என்று கேட்டேன்.

அவர் அம்மாவையே பார்த்தார்.

"அவன் இல்ல," என்றார். "அவன் சட்டைய வச்சு அழுத்தினான். அழுதுகிட்டே அழுத்தினான்."

அவர் பேசும்போது மழைச் சத்தம் கேட்கவில்லை. பேசி முடித்ததும் மறுபடி கேட்டது. அவர் எந்த மொழியில் பேசினார் என்று பிறகு நானும் அம்மாவும் எவ்வளவோ யோசித்தோம். இங்கிலீஷ் இல்லை. தமிழும் இல்லை. ஆனால் அம்மாவுக்கும் புரிந்தது. எனக்கும் புரிந்தது.

அப்போதுதான் அந்த முகத்தை அடையாளம் கண்டேன். வழக்குக் கட்டில் எத்தனையோ முறை பார்த்த முகம். அந்தப் படத்தில் கண்கள் மூடியிருக்கும்.

அவர் கழுத்திலிருந்து கையை எடுத்தார்.

மார்லீன்.

நான் ஓடவில்லை. பயத்தை முந்திக்கொண்டு வந்தது கோபம்.

"இவ்ளோ வருஷம் எங்க போனீங்க?" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "கோர்ட்ல வந்து சொல்லியிருக்கலாம்ல?"

"அங்கதான் இருந்தேன்," என்றார். "எல்லார்கிட்டயும் சொன்னேன். யாருக்கும் கேக்கல."

தம்பிக்காக வாதாடிய அமெரிக்க வக்கீலின் பெயர் கிளேர். அவருக்குப் போன் போட்டேன். சிறை வாசலில் காரில் இருந்தார்.

"சாட்சி இருக்கு. கண்ணால பார்த்த சாட்சி."

"யாரு?"

சொல்ல வாய் வரவில்லை.

"செம்மொழி," என்றார் கிளேர். ரொம்பக் களைத்த குரல். "போன மாசம் உயிரோட ஒரு சாட்சியக் கொண்டுபோனோம். வேற ஒருத்தன் வேலி தாண்டி ஓடினதப் பார்த்தவர். ஏன் முன்னாடியே சொல்லலைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இப்ப யாரக் கொண்டுவந்தாலும் கேக்க ஆள் இல்ல. எல்லாக் கதவும் சாத்தியாச்சு."

போனைச் சுவரில் எறியத் தோன்றியது. இந்த வழக்கில் இதைவிடப் பெரிய சாட்சி இருக்க முடியாது. இறந்தவரே வந்து உட்கார்ந்திருக்கிறார். நான் வக்கீல். அவரை ஏற்றிவிட எனக்கு ஒரு கூண்டு இல்லை.

மணி பதினொன்று முப்பது.

மார்லீன் அம்மாவின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அம்மா கண்ணை மூடினாள்.

"கட்டிட்டாங்க," என்றார் மார்லீன்.

மழை பெய்வது தெரிந்தது. சத்தம் இல்லை.

"ஊசி எடுத்துட்டாங்க."

நான் அம்மாவைத் தொட்டேன். சில்லிட்டிருந்தாள். மூச்சு... இருந்தது. ரொம்ப மெதுவாக.

"அம்மா."

அசையவில்லை.

"நரம்பு கிடைக்கல," என்றார் மார்லீன். "அடுத்த கையப் பாக்குறாங்க."

"அம்மா, கண்ணத் தொறம்மா."

"கிடைக்கல... கால்ல குத்துறாங்க."

பதினொன்று ஐம்பது. பன்னிரண்டு. இன்னும் முடியவில்லை.

"தண்ணி கேக்குறான்."

"குடுத்தாங்களா?"

தலையை ஆட்டினார். இல்லை.

"நிறுத்தச் சொல்லுங்க," என்றேன். யாரிடம் சொன்னேன்...

பன்னிரண்டே கால்.

"மறுபடி கை."

பன்னிரண்டரை.

அம்மாவின் உதடு நீலமாகிவிட்டது.

பிறகு...

"வந்துட்டான்."

மார்லீன் எழுந்தார். படி இறங்கினார். வாய்க்கால் கரையில் தனியாக நடந்து போனார். கரை திரும்பும் இடம் வரை பார்த்தேன். அதற்கப்புறம் இல்லை.

மழைச் சத்தம் மொத்தமாகத் திரும்பி வந்தது. அம்மா கண்ணைத் திறந்தாள். "போயிட்டாங்களா?" என்றாள். யாரைக் கேட்கிறாள் என்று தெரியவில்லை. போன் அடித்தது. கிளேர். அழுதுகொண்டிருந்தார்.

"முடிஞ்சிடுச்சு. ஒரு மணி நேரத்துக்கு மேல... குத்திக் குத்தி..."

நான் போனை வைத்துவிட்டேன்.

சாயங்காலம், பக்கத்து வயல்காரி காத்தாயி வந்தார். நாள் முழுக்க உரச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு தண்ணீர் வடியவிட்டுக்கொண்டிருந்தவர். தம்பி போய்விட்டது அவருக்கு அப்போது இன்னும் தெரியாது.

"மத்தியானம் உங்க வீட்லேர்ந்து போன ரெண்டு பேரு யாரு?" என்று கேட்டார்.

"ரெண்டு பேரா?"

"ஒரு வெள்ளக்காரம்மா. கூட ஒரு ஆளு. இந்த மழையில சட்டை கூட இல்லாமப் போனானே. கூப்புட்டேன். திரும்பல."

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இத்தோடு முடிந்தது என்றுதான் இருந்தேன். ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனேன், வந்தேன். அந்த நாட்டுச் சிறைத்துறை ஓர் அறிக்கை விட்டது. தண்டனை விதிமுறைப்படி நிறைவேற்றப்பட்டதாம். சிறு தாமதமாம். சிறு தாமதம் என்று எழுதிய கை யாருடையது என்று பார்க்க இன்றைக்கும் ஆசைப்படுகிறேன்.

மாசி மாதம் ஒரு போன் வந்தது. பேசியவர் ஷெரில். மார்லீனின் மகள். என் தம்பி சாக வேண்டும் என்று வருடக்கணக்காக டிவியில் பேசியவர். அன்று சிறையில், கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தவர். கிளேரிடம் என் நம்பரைக் கேட்டு வாங்கியிருக்கிறார்.

பெயரைச் சொல்வதற்கே இரண்டு முறை ஆரம்பித்தார். நான் உதவவில்லை.

"உங்க அம்மாவ அங்க கூட்டிட்டு வந்திருக்கக் கூடாது," என்றார் கடைசியில். "எந்தத் தாயும் அதப் பார்க்கக் கூடாது."

"எங்க அம்மாவா?"

"கண்ணாடிகிட்ட நின்னாங்களே. முதல்லேர்ந்து கடைசி வரைக்கும். பச்சைப் புடவை. வெறுங்கால். கால் பூராச் சேறு. சிறைக்காரங்ககிட்ட கேட்டேன். அப்படி யாருமே வரலைன்னு அடிச்சுச் சொல்றாங்க. என்கிட்ட ஏன் பொய் சொல்றாங்க?"

அம்மா அன்று பச்சைப் புடவைதான் கட்டியிருந்தாள். வயலிலிருந்து வந்தவள் காலைக் கழுவவில்லை.

என் கையிலிருந்த போனில் ஷெரில் இன்னும் ஹலோ, ஹலோ என்றுகொண்டிருந்தார். நான் கட் பண்ணினேன்.

அம்மா பின்கட்டில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஷெரில் சொன்னதைச் சொல்லவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"அம்மா... அன்னைக்கு அவங்க கையப் புடிச்சப்ப, நீ எங்கம்மா இருந்த?"

முறம் நின்றது. அம்மா என்னைப் பார்க்கவில்லை.

"அந்தக் கண்ணாடி ரொம்ப சில்லுனு இருந்துச்சுடி," என்றாள். "ரெண்டு கையாலயும் தட்டுனேன். அத்தன பேரு உக்காந்திருந்தாங்க. ஒரு பொண்ணு மட்டும் பாத்துச்சு... மத்த ஒருத்தனும் திரும்பிப் பாக்கல."