ஜெபமாலை அக்கா கிரைண்டர் மாட்டினார்

கிரைண்டர் கடையில் வேலை பார்ப்பவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு: சாமான் கடைக்குள் இருக்கும்வரை அதில் ஒரு குறையும் இருக்காது. குறையெல்லாம் அது வாடிக்கையாளர் வீட்டுக்குள் நுழையும்போதுதான் பிறக்கும். பழைய வீட்டுச் சமையலறையில் புதுச் சாமானை இறக்கி அவதிப்பட்ட அன்பர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எண்பதுகளில் தர்மபுரியில் அப்படி ஒரு கடையில் நான் மெக்கானிக். டவுனுக்குள் என்றால் நானே போய் மாட்டிக் கொடுப்பேன். வெளியூர்க்காரர்கள் தாங்களாகத்தான் மாட்டிக்கொள்ள வேண்டும். அவர்களில் நான் இன்றும் மனதுக்குள் கும்பிடுகிற ஒருவர் மொரப்பூர் ஜெபமாலை அக்கா.

ஸ்டேஷனுக்கு வெளியே இட்லிக் கடை வைத்திருந்தார். கீழே விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. கட்டைப் பிரித்த பிறகும் ஆட்டுக்கல் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கணவர் சவரிமுத்து ஆட்டிய மாவில் இட்லி கல்லாக வந்தது. காலை ரயிலுக்கு வருகிறவர்கள் எதிர்க்கடைக்கு நடக்க ஆரம்பித்தார்கள். கிரைண்டர் ஓடினால் கடை உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்ற நிலைமை.

வாசலில் நின்றது

டெம்போவில் ஏற்றி அனுப்பினோம். மறுநாள் வயர் வாங்க பஸ்ஸில் வந்த அக்கா கதையைச் சொன்னார். கிரைண்டரின் இரும்புச் சட்டம் அடுக்களை வாசக்காலை விட அகலம். இடித்துவிடலாம் என்று சவரிமுத்து கடப்பாரையை எடுத்திருக்கிறார். அக்கா அண்ணாந்து பார்த்தார். கூரை ஓடுகளையும் அவற்றைத் தாங்கும் ரீப்பர் கட்டைகளையும் பிரிக்கச் சொல்லி, கிணற்றுக் கயிற்றைக் கட்டி, கிரைண்டரை மேலே இருந்தே அடுக்களைக்குள் இறக்க வைத்துவிட்டார். நான் வாயைப் பிளந்தேன். அவருக்கோ அதில் அதிசயமாக ஒன்றும் தெரியவில்லை.

"வாசக்காலு எங்க மாமனாரு வெச்சதுங்க தம்பி, இடிச்சா போனது போனதுதான். ஓட்டைத் திரும்ப அடுக்கிக்கலாமில்லங்க."

கரியும் உப்பும்

அந்தப் பழைய வீட்டுச் சுவரில் ஓடியது இரண்டே வயர், எர்த் கிடையாது. உள்ளூர் வயர்மேன் பிளக்கில் எர்த்துக்கான மூன்றாவது கம்பியை வெட்டிவிட்டுச் சொருகச் சொல்லியிருக்கிறார். ஈரக்கையால் மாவு தள்ளுகிற வேலை, எர்த் இல்லாமல் ஷாக் அடித்தால் ஆளே போய்விடும். எர்த்துக்குக் குழி தோண்டி, பைப்பை இறக்கி, கரியும் உப்பும் கொட்டி, அந்த மண்ணை எப்போதும் ஈரமாக வைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். அக்கா, பாத்திரம் கழுவும் தண்ணீர் போய்ச் சேருகிற வாழைமரத்தடியில் குழியைத் தோண்ட வைத்து, அதே வயர்மேனைக் கூப்பிட்டு எர்த் இழுக்கச் செய்துவிட்டார். தினமும் மறக்காமல் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று நான் சொன்னபோதே அவர் சிரித்திருந்தார்.

"பாத்திரங் கழுவாத நாளு எங்கூட்டுல ஏதுங்க தம்பி?"

நடக்க ஆரம்பித்தது

எர்த் இழுத்த மறுநாள் காலையில், கிரைண்டரில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பார்த்தார்கள். சாணம் மெழுகிய தரை மேடும் பள்ளமுமாக இருந்ததால், கிரைண்டர் மெல்ல அடுப்பை நோக்கி நடந்ததாம். சவரிமுத்து அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அக்கா கணவருடைய ரப்பர் செருப்பை வெட்டி, கிரைண்டர் கால்களுக்கு அடியில் வைத்தார். பிற்பாடு சவரிமுத்து இதைச் சொன்னபோது பெருமைதான் தெரிந்தது.

"கெரண்டரு நின்னுருச்சுங்க. இப்ப நாந்தான் வெறுங்காலோட நிக்கறேன்."

முனகியது

அன்று சாயங்காலம் அரிசியைப் போட்டு சுவிட்சைத் தட்டினால், கிரைண்டர் முனகியதே தவிர சுற்றவில்லை. மறுநாள் கடைக்கு வந்த அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. முதலாளியிடம் சொல்லிவிட்டு நானும் அவரோடு பஸ் ஏறினேன்.

பகலில் ஒழுங்காக ஓடியது. சாயங்காலம் மறுபடியும் முனகல். வோல்டேஜ் குறைந்து பல்பு கங்கு மாதிரி சிவந்து கிடந்தது. பக்கத்துத் தோட்டத்தில் பெரியசாமி அண்ணனின் கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மோட்டாருக்குக் கரண்டு விடுவதே சாயங்காலம் தொடங்கி நடுராத்திரி வரைக்கும்தான். ஒரே லைனில் இரண்டும் ஓடாது. மதியமே ஆட்டி வைத்தால் அந்த வெயிலுக்கு மாவு விடிவதற்குள் புளித்துவிடும். 

அக்கா தோட்டத்துக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். மோட்டாரை நிறுத்தச் சொல்லி அவர் கேட்கவில்லை. கிணற்றில் தண்ணீர் ஊறுவதற்காக எப்போது நிறுத்துவீர்கள் என்று கேட்டார். தண்ணீர் குறைகிறபோது என்றார் பெரியசாமி. அதை மாதா கோயில் மணி அடிக்கிற நேரத்துக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்றார் அக்கா. ராகி வாடிக்கொண்டிருந்த சமயம் அது. பெரியசாமி கிணற்றை எட்டிப் பார்த்தார், அக்காவின் கையைப் பார்த்தார், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடை திருப்பப் போய்விட்டார். திரும்பி வந்தோம்.

சாயங்கால ஜெபத்துக்கு மணி அடித்தது. தோட்டத்தில் மோட்டார் சத்தம் நின்றது. பல்பு பளிச்சென்று எரிய, கல் சுற்ற ஆரம்பித்தது. அக்கா சிலுவை போட்டுக்கொண்டு அரிசியைத் தள்ளினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு தினமும் அப்படியேதான். காலை ரயிலுக்கு வருகிறவர்கள் ஒவ்வொருவராக அக்கா கடைக்குத் திரும்பினார்கள். அடுத்த முறை நான் போனபோது, ராகி வாடும் நேரத்தில் மோட்டாரை நிறுத்த எப்படி மனம் வந்தது என்று பெரியசாமி அண்ணனிடமே கேட்டேன்.

"கெணறும் மூச்சு வாங்கணுமில்லீங்க. மணி அடிக்கறப்ப வாங்கிட்டுப் போவட்டும் வுடுங்க."

இத்தனைக்குப் பிறகும் எங்கள் முதலாளி கடைக்கு வருகிறவர்களிடம், பிளக்கைச் சொருகினால் போதும், தானாக ஓடும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.